கோல்டன் கேட் பாலத்தில் மாட்டிக்கொண்ட காலை

1987 மே மாதம் கோல்டன் கேட் பாலத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார்களை நிறுத்திவிட்டுப் பாலம் முழுவதையும் நடப்பவர்களுக்குத் திறந்துவிடப் போவதாக டிவியில் சொன்னார்கள். கல்யாணமாகி நான் கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சென்னையில் எங்கள் பல் டாக்டரின் கிளினிக்கில் அந்தப் பாலத்தின் படம் போட்ட காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

"போலாமாங்க?" என்று கேட்டேன்.

என் கணவர் இன்ஜினியர். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

விடியும்போது சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறினோம். புடவைக்கு மேல் அவருடைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். அப்படியும் குளிர் எலும்பு வரைக்கும் போனது. பெயரில்தான் தங்கம், பாலம் செங்கல் நிறம். தூண்களில் வரிசையாகப் பதித்திருந்த ஆணித் தலைகளைத் தடவிப் பார்த்தேன். ஓரத்துக்குப் போய்த் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். அவர் மட்டும் நடு ரோட்டை விட்டு நகரவே இல்லை.

பாதி தூரம் போயிருப்போம். முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்க்கரையிலிருந்தும் ஜனங்களை விட்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் நடுவில் முட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது, வந்துகொண்டே இருந்தார்கள். கையைத் தூக்கி மூக்கைச் சொறிய இடமில்லை. யாரோ ஒருவர் தன் சைக்கிளைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டதாக முன்னாலிருந்து பேச்சு வந்தது. மயிலாப்பூர்த் தேர்க் கூட்டத்தில் வளர்ந்தவள் நான், நெரிசல் பழக்கம்தான். ஆனால் மாட வீதி காலடியில் ஆடாது. இது ஆடியது.

அப்போதுதான் என் மணிக்கட்டை அவர் இறுகப் பிடித்திருப்பது தெரிந்தது. கண்களை மூடியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க ஆச்சு?"

"எனக்கு ஹைட்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"நீ ஆசையா கேட்ட."

ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் அவருக்குப் பாலம் ஆடுவது மறந்துபோகும் என்று தோன்றியது. மாதக்கணக்கில் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். ஆபீசில் அவர் என்னதான் செய்கிறார்? என் சமையலில் எது பிடிக்கவில்லை? கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சாம்பாரில் புளி ஜாஸ்தியாம்.

"பொண்ணு பாக்க வந்தப்போ என்னை நிமிந்துகூட பாக்கலியே, ஏன்? எங்கம்மா, 'பையனுக்கு உன்னைப் பிடிக்கல போல'ன்னு அழுதாங்க."

"உங்க வீடு மூணாவது மாடி. சேரை பால்கனி ஓரத்துல போட்டுட்டாங்க. நான் தரையைப் பாத்துட்டே பஜ்ஜி சாப்பிட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த அமெரிக்க அம்மாள் திரும்பிப் பார்த்து, ஒன்றும் புரியாமலே தானும் சிரித்தாள். அவரும் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்துக் கூட்டம் பின்பக்கமாகக் கரைய ஆரம்பித்தது. வந்த வழியே அங்குலம் அங்குலமாகத் திரும்பினோம். கெட்டியான மண்ணில் கால் பட்டதும் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காபி வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் டிவியில் ஹெலிகாப்டரிலிருந்து பக்கவாட்டில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். வில் மாதிரி வளைந்திருக்கும் பாலம், எங்கள் கனத்தில் நடுவில் பலகை போல் தட்டையாகியிருந்தது. பாலத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்றார்கள். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ டிவிக்கு அருகில் போய் உட்கார்ந்து, "வளைஞ்சு குடுக்காம கெட்டியா நின்னிருந்தாதான் உடைஞ்சிருக்கும்" என்று எனக்குக் கையால் விளக்கிக் காட்டினார்.

அந்த அக்டோபரில் நான் மட்டும் தனியாகப் பாலத்தை நடந்து கடந்தேன். கார் ஓட்டும்போது பயமில்லை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் அக்கரை சேர்ந்தபோது, எனக்கு முன்பே காரில் வந்துவிட்டவர், தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.