கண்ணுக்குத் தெரியாத பயிற்சி

முட்டிவலிக்குப் பயிற்சி சொன்னால் "டாக்டரம்மா" என்பார்கள். கர்ப்பிணிக்குச் சொன்னால் "இந்தம்மாவுக்கு வேறு வேலையில்லை" என்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக எனக்குக் கிடைத்த மரியாதை இது. நீங்களும் இந்தத் தொழிலா? வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

பதில் சொன்னவர்

புனேயை ஒட்டிய தேஹு ரோட்டிலிருந்து செல்வி வந்தாள். இரண்டாவது பிள்ளை, மூன்றாம் மாதம். நான் கேட்டதற்கெல்லாம் அங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் அவள் கணவர் பதில் சொன்னார். இடுப்பு வலியாம். பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியே இருக்கச் சொன்னேன். கதவருகே நின்று முறைத்தார்: "அவளுக்கு என்ன மேடம் தெரியும்? என்னைக் கேளுங்க."

பிள்ளை பெற்றவள்

அவர் போனதும்தான் செல்வி வாயைத் திறந்தாள். முதல் பிரசவத்திலிருந்து தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறது. பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. கணவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரிடம் சொன்னாயா என்றேன். சொன்னாளாம். கிடைத்த பதிலைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது: "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

காவல்

டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னேன். கூடவே, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மேலே இழுத்து, மூச்சைப் பிடிக்காமல் ஐந்து எண்ணி, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. வயிறு, தொடை எதுவும் அசையக் கூடாது.

பத்தாம் நாள் கணவர் மட்டும் வந்தார். மனைவி பயிற்சி செய்யாமல் ஏமாற்றுகிறாளாம்! கசிவைப் பற்றி மூச்சுவிடாமல், அசைவு வெளியே தெரிந்தால்தான் தப்பு என்று தொண்டை வறள விளக்கினேன். மனிதர் அசையவில்லை: "நானும் எங்கம்மாவும் மாறி மாறி உக்காந்து பாத்துட்டோம் மேடம். கை கால்கூட அசைக்காம சுப்சாப்புனு சும்மா உக்காந்திருக்கா. இனிமே அவ வரமாட்டா."

ஷேர் ஆட்டோ

வரவில்லைதான். எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது, கணவர் சீட்டு வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து என் அறைக்குள் நழுவி வந்தாள். கசிவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கொழுந்தன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வயிறாரத் தண்ணீரும் குடித்தாளாம். வீட்டில்தான் நிறுத்திவிட்டார்களே என்றேன். சிரித்தாள்: "சோறு போடும்போது பண்றேன், ஷேர் ஆட்டோல அவர் பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்து பண்றேன். அவங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே மேடம்!"

ஒரு பெண்ணைக் காவல் காக்க வீட்டில் இரண்டு பேருக்கு நேரம் இருக்கிறது, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கத்தான் ஒருவருக்கும் ஒழியவில்லை.