வாசம் வரும் வரை

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே மல்லி கருகுகிற வாசம் மூக்கில் ஏறியது. வாசல் கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு முழு வீடு கிடக்கிறது. அத்தனை தூரம் தாண்டி வருகிறதென்றால் அக்கா அடுப்பை மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போயிருப்பாள் என்று நினைத்து, பையைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினேன். அக்கா எங்கும் போகவில்லை. அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். கை மல்லியைக் கிண்டிக்கொண்டிருக்க, கண் சன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணியின் மேல் இருந்தது.

என்னைப் பார்த்துத் திரும்பினாள், வாணலியைப் பார்த்தாள், சட்டென்று அடுப்பை அணைத்தாள். "இப்படித்தான் நல்லா வறுக்கணும். எழுதிக்க" என்றாள்.

நானும் எழுதிக்கொண்டேன். 'மல்லியை நன்றாகக் கறுக்கும் வரை வறுக்கவும்.' நீங்கள் சிரிக்கலாம். அறுபது வயதுக்காரிக்கு மல்லி கருகினால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் எனக்குச் சுட்டுப் போட்டாலும் சமையல் வராது என்பது எங்கள் குடும்பத்தில் ஊரறிந்த விஷயம். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தை என் வீட்டுக்காரர் பானகம் என்று நினைத்துக் குடித்தார். அப்படிப்பட்டவள் அக்காவைப் பார்த்து, "கருகிப்போச்சு" என்று எந்த வாயால் சொல்வது?

சமையல் புத்தகம் போடும் யோசனை என்னுடையதல்ல. கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி மகள் தர்ஷினியுடையது. அக்காவின் சமையலையெல்லாம் எழுதி, படம் எடுத்து, குடும்பத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. நான் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவள், தட்டச்சு தெரியும். ஆக, சமைக்கத் தெரியாதவள் தலையில் சமையல் புத்தகம் விழுந்தது.

அன்று வீடு திரும்பும்போது காரெல்லாம் அந்தக் கருகல் வாசம். சட்டையில், தலைமுடியில், நோட்டுப் புத்தகத்தில்கூட. வாசம் என்றால் எனக்கு எப்போதும் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் பிறந்தது பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே காற்றுக்கே ஒரு நாற்றம் உண்டு. ஒட்டுப்பால் மூட்டையின் அழுகல், ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகை, எல்லாவற்றுக்கும் மேலே அமோனியா. மரத்தில் வெட்டிய பால் உறைந்துவிடாமலிருக்க வாளியில் அமோனியா ஊற்றுவார்கள். அம்மா விடியற்காலை மணி அடித்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு வர மதியம் இரண்டாகிவிடும். அத்தனை வருடம் அந்த அமோனியாவோடு நின்று அம்மாவின் மூக்கு செத்துப்போயிருந்தது. எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பாதித் தோட்டத்துக்கு மூக்கு அப்படித்தான்.

அதனால் எங்கள் வீட்டில் சமையலுக்கு இரண்டு பேர் வேண்டும். அம்மா கிண்டுவாள். அக்கா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாள். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது, எனக்கு ஐந்தாறு. தலையைத் திருப்பாமலே அம்மா கேட்பாள்:

"வாசம் வந்துருச்சாடி?"

"இன்னும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் போகும். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும்.

"இப்போ?"

"ம்... வந்துருச்சு. எறக்கு, எறக்கு!"

அக்கா சொன்ன அந்த நொடியில் சட்டி கீழே இறங்கிவிடும். ஒருமுறைகூட அம்மா, "நெசமாவாடி?" என்று கேட்டதில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்களா? தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

தட்டு என்றதும் அப்பாவின் தட்டு ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு ஆட்டுக்கறி, கோழி எதுவும் பெரிதில்லை. டின்னில் அடைத்து வரும் சாடின், அந்த மத்தி மீன்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டு, வீட்டில் அரைத்த கறித்தூளில் பெரட்டி வைத்தால் ஒரு பானைச் சோறு போகும். "கடலப் பாக்காதவனுக்கு டின்னுல வர்ற மீனுதான்லா கடலு" என்பார். அவர் போனபிறகு வருடா வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் படையலில், வாழை இலையின் நடுவில் அந்தச் சாடின் பெரட்டல்தான். பக்கத்தில் ஒரு போத்தல் பீர், பாக்கெட் பிரித்த சிகரெட். அம்மா போனபிறகு அம்மாவுக்கு ஒரு இலை. அதில் என்ன வைப்பது என்று மட்டும் எங்களுக்கு ஒருநாளும் தெளிவாகத் தெரிந்ததில்லை. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

படையல் சமையலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புப் பார்ப்பதுகூடக் கிடையாது. செத்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் நமக்கு. அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சட்டிக்கு மேல் கையை வீசி ஆவியை மூக்குப் பக்கம் இழுத்து, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பாள். பிறகு சாப்பிட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும்.

அப்படிப்பட்ட கையில்தான் போன இரண்டு மூன்று தீபாவளியாக ஏதோ தவறியது. ஒருமுறை உப்புத் தூக்கல். ஒருமுறை பெரட்டலில் மசாலா பச்சையாக நின்றது. எல்லாரும் குனிந்து சாப்பிட்டோம். பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்த தம்பி, தர்ஷினியின் அப்பா, மட்டும் கை கழுவும்போது என்னிடம், "அக்காவுக்குக் கை மாறிப்போச்சுலா. வயசாகுதுல்ல" என்றான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அக்கா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் என்பது அப்போது தெரியாது.

புத்தக வேலை ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு நாள் போவேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதி தர்ஷினிக்கு அனுப்புவேன். அவள் உடனே ஃபோன் செய்வாள்.

"அத்தே, எல்லாத்துலயும் 'வாசம் வரும் வரை'ன்னு போட்டிருக்கீங்க. 'பச்சை வாசம் போகும் வரை', 'எண்ணெய் மணக்கும் வரை'. யாரு அத்தே இத வச்சு சமைப்பா? நிமிஷம் போடுங்கலா, ப்ளீஸ்."

நான் கைப்பேசியில் மணி பார்க்க ஆரம்பித்தபோது அக்கா சிரித்தாள். "மணி அடிச்சா ஓடுறதுக்கு இது என்ன பெரட்டாடி?" 

ஒருநாள், எழுதிய வரைக்கும் படித்துக் காட்டு என்று அவளே கேட்டாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கறித்தூளில் ஆரம்பித்து, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் வாசித்தேன். 'மல்லியை நன்றாகக் கறுக்கும் வரை வறுக்கவும்.'

"யாருடி சொன்னா கறுக்கணும்னு?"

"நீதான்க்கா. அன்னிக்கு நான் வந்தப்போ அப்படித்தான வறுத்தே?"

கீரை உருவுகிற கை நின்றது. "அத அடிச்சிரு" என்றாள்.

"அப்போ எவ்ளோ நேரம்க்கா?"

"எனக்குத் தெரியலடி." கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் மணக்கல. மூணு வருஷமாச்சு. அந்தக் கொரோனா காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாக்குறேன். வரல."

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கை மாறிப்போச்சுன்னு தம்பி சொன்னதே பின்னால நின்ன என் காதுல விழுந்துச்சு. பெரிய படிப்பு படிச்சேனா? சோறு ஆக்குறது ஒண்ணுதான் தெரியும் எனக்கு. அதுவும் இல்லன்னு நானே தம்பட்டம் அடிக்கவா?"

நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன். அவள்தான் தொடர்ந்தாள்.

"மல்லி வாசம் எப்படி இருக்கும்னு கண்ண மூடி நெனச்சுப் பாக்குறேன்டி. அம்மா மூஞ்சி வருது. சட்டி வருது. வாசம் வரல." பிறகு என் நோட்டைக் காட்டினாள். "நீ எழுத வந்தப்போ சந்தோஷமா இருந்துச்சு. என் வாயால எல்லாத்தையும் சொல்லிட்டா, அப்புறம் நானே அதப் படிச்சுப் பாத்து ஆக்கிக்கலாம்னு நெனச்சேன். இப்போ நீ படிக்கிற. எல்லாத்துலயும் வாசம் வரும் வரைன்னே இருக்கு. நான்தான சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலயே."

இந்தப் புத்தகம் யாருக்கென்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதில் அவளுக்கு உதவுகிற ஒரு வரிகூட இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

சும்மா இருந்துவிடவில்லை, செய்ததெல்லாம் செய்தோம். கிளினிக்கில் கேட்டோம். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை என்று சின்னச் சின்னப் போத்தலில் போட்டுக் காலையும் மாலையும் முகரச் சொன்னார்கள். அக்கா பூசை மாதிரி செய்தாள். நான் மல்லி வறுத்து நிமிடம் குறித்தேன். ஒருநாள் ஆறு நிமிடத்தில் ஏதோ வாசம் வந்தது. மறுநாள் மழை பெய்து மல்லி நமத்துப்போக, ஒன்பதாகியும் ஒன்றுமில்லை. என் மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எது வந்தால் இறக்க வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியாது.

தோட்டத்துப் பழைய வாசம் பட்டால் ஏதாவது திரும்பி வருமோ என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கையில் அவளைப் பீடோருக்கும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடம் முழுக்க எண்ணெய்க்கு வைத்த செம்பனை. ஸ்டோர் இருந்த மேடு மட்டும் அடையாளம் தெரிந்தது. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அக்கா மூச்சை இழுத்தாள்.

"என்னடி மணக்குது?"

உண்மையில் ஒன்றும் மணக்கவில்லை. ரப்பருமில்லை, புகையுமில்லை, அம்மாவின் மூக்கைக் கொன்ற அந்த அமோனியாவும் இல்லை. "ஒண்ணுமில்லக்கா. லோரி புகைதான்" என்றேன்.

"அப்போ எனக்கு மட்டும் இல்ல" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

இந்தத் தீபாவளிக்கும் படையல் வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தம்பி குடும்பம் வெளியே இலை கழுவிக்கொண்டிருந்தது. தர்ஷினி புத்தகத்துக்காக அப்பா படத்துக்கு மாலை போடுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சாடின் பெரட்டல் கடைசி. வெங்காயம் வதங்கியதைக் கண்ணாலும் காதாலும் சமாளித்துவிட்டாள். கறித்தூளைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நிலையில் நின்றிருந்தேன். அறுபது வயதிலும் அந்த வேலைதான். அக்கா தலையைத் திருப்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"வாசம் வந்துருச்சாடி?"

மூச்சை இழுத்தேன். வெங்காயம், மிளகாய், மீன், முன்னறையிலிருந்து ஊதுபத்தி, எல்லாம் ஒன்றாக வந்தது. இதில் எது அந்த வாசம்? பச்சை வாசம் போய்விட்டதா, இனிமேல்தான் போகுமா? வாயில் வைத்துப் பார்க்கவும் முடியாது, அது அப்பா சோறு. இன்னும் கொஞ்சம் பொறு என்று சொன்னால் கருகலாம். கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வந்துருச்சுக்கா" என்றேன்.

அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட்டாள். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா இலையின் நடுவில் வைத்தாள். சூடம் காட்டித் திரையை இழுத்துவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து நின்றோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு வயதில் அக்கா அம்மாவிடம் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. நான் சொன்னது சரிதானா என்று கேட்டுக்கொள்ள எனக்கு ஆளில்லை.