பதினான்கு பேரும் நானே: செரண்டாவிலிருந்து கோலா சிலாங்கூருக்கு ஒரு மோட்டார் பயணம்

முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எங்கள் புளோக்கில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டிய முப்பது கேள்விப் பாரங்களில் பதினான்கை என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று. சந்தேகம் வரக்கூடாது என்று நான்கு பாரத்தை இடது கையால் எழுதினேன். அந்த நான்கு பேரின் கையெழுத்துதான் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. செரண்டாவில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். கணவர் போய் ஆறு வருடமாகிறது, மகள் ஜொகூரில் இருக்கிறாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. படித்தது ஆறாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டுங்கள், நான் அப்போது சின்னப் பிள்ளை. எங்கள் புளோக்கில் ஒரு மாதர் குழு உண்டு. பட்டியலில் நான்கு பேர். ஒருவர் வீடு மாறிவிட்டார், ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார், ஒருவர் என்னோடு கோபம். ஆகவே தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் நானே. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

பல இனத்தவர் வாழும் அடுக்குமாடிகளில் மக்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சி செய்கிறது. முடிவு வீடமைப்பு அதிகாரிகளுக்குப் போகும். எந்தப் புளோக்கில் கீழ்த்தள மண்டபத்தை மாலை நேரத்தில் திறந்து வைப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வெளியாள் வந்து கேட்டால் மக்கள் பூசி மெழுகுவார்கள், அந்தந்த இடத்துக் குழுக்களே கேட்கட்டும் என்று ஆராய்ச்சிக்காரர் டாக்டர் கவிதா (ஊசி போடும் டாக்டர் இல்லை) சொன்னார். பூசி மெழுகும் வேலை இப்படித்தான் என் கைக்கு வந்தது.

எங்கள் மண்டபம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலிகள். அது திறந்தால் வேலை முடிந்து வந்த பிறகு போய் உட்கார எனக்கு ஓர் இடம் இருக்கும். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். வேறு பெரிய நோக்கமெல்லாம் கிடையாது.

மூன்று மாலைகள் கதவு தட்டினேன். வாசலில் செருப்பு கிடக்கும், உள்ளே டிவி ஓடும், கதவு மட்டும் திறக்காது. ஒரு வீட்டில் உள்ளிருந்தபடியே மலாயில், “ஒன்னும் வாங்க மாட்டோம்” என்றார்கள். நான் எதையும் விற்கவில்லை என்று சொல்வதற்குள் டிவி சத்தம் கூடிவிட்டது. பதினாறு வீடு எப்படியோ தேறியது. மிச்சத்தை வீட்டில் தயாரித்தேன். நானே நான்காம் மாடிச் சீனக் கிழவர், நானே இரண்டாம் மாடி மலாய் ஆசிரியை, நானே புதிதாகக் கல்யாணமான பையன். ‘பக்கத்து வீட்டாரோடு வாரத்துக்கு எத்தனை முறை பேசுவீர்கள்?’ ஐந்து முறை. ‘உறவு எப்படி?’ மிக நன்று. அந்த வாரம் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சுத் துணை அவர்கள்தான்.

போன மாதம் கவிதா போன் செய்தார். “அக்கா, உங்க புளோக்தான் ஃபர்ஸ்ட்! சனிக்கிழமை கோலா சிலாங்கூர்ல கூட்டம், எப்படிச் செஞ்சீங்கன்னு நீங்கதான் வந்து பேசணும். மண்டபம்லாம் உங்களுக்குத் தேவையே இல்லக்கா, நீங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் மாதிரி இருக்கீங்க.”

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பயணம் அங்கேதான் தொடங்கியது.

இனி, இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு. காலை 6.20க்குப் புறப்பட்டேன். வண்டி என் பழைய மோட்டார் சைக்கிள். பெட்ரோல் ஆறு வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), மோட்டாருக்கு டோல் கிடையாது. செரண்டா, ரவாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, கோலா சிலாங்கூர் என்று போனால் என் மீட்டரில் அறுபது கிலோமீட்டர். பத்து ஆராங்கில் 7.05க்கு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலம், இரண்டரை வெள்ளி. சம்பல் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பிப் பார்த்தேன், கடைக்காரம்மா அடுத்த ஆளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். பொட்டலத்திடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். ஒரே உயரம், ஒரே இடைவெளி. பாதையில் பேசுவதற்குக் கூகுள்காரி ஒருத்திதான். அவளும் பாதியில் சிக்னல் இல்லை என்று கழன்றுகொண்டாள். நான் தப்பான இடத்தில் திரும்பி, செம்மண் சாலையில் நான்கு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டேன். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு லயத்தின் முன்னால், மோட்டாரில் சாய்ந்து நின்ற ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அறுபது வயதிருக்கும். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராம்.

“எங்கக்கா போறீங்க? இது மரத்துக்குப் போற பாதை.”

“மரத்தப் பாக்கத்தான் வந்தேன்னு வச்சிக்குங்களேன்.”

“அப்ப நல்லா பாருங்க, இன்னும் ஆயிரம் ஏக்கர் இருக்கு.”

கோலா சிலாங்கூர் என்றேன். திரும்பிப் போய், தார்ச் சாலையில் இரண்டாவது முச்சந்தியில் வலது பக்கம் என்றார். லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கேள்வி கேட்டு ருசி கண்ட வாய்.

“நாப்பது வீடு. முப்பத்தெட்டுல வங்காளதேசி, ஒன்னுல இந்தோனேசியாக்காரன், ஒன்னுல நானு.”

“பழக்கமெல்லாம் எப்படி?”

“நல்ல பசங்கக்கா. பெருநாளுக்குப் பிரியாணி குடுப்பானுங்க. எனக்குக் காய்ச்ச வந்தா கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போவானுங்க.” மோட்டார் கண்ணாடியைத் துடைத்தார். “என்னா, தமிழ்ல என்னைய திட்டத்தான் ஆளில்ல.”

“நான் வேணா திட்டிட்டுப் போவவா?”

“திட்டுங்க லா.”

“பாதைய மறிச்சிக்கிட்டு மாடு மாதிரி நிக்கிறீரே, அறிவிருக்கா ஒமக்கு?”

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதே வழியை இன்னும் இரண்டு முறை சொன்னார். முதல் தடவையே எனக்குப் புரிந்திருந்தது. இருந்தாலும் மூன்று தடவையும் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

8.45க்குக் கோலா சிலாங்கூர். பெரிய கடைத்தெரு ஒன்றும் இல்லை, தொலைந்துபோக முடியாது. மார்க்கெட் பக்கத்தில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில் தோசை இரண்டு வெள்ளி, தே தாரிக் இரண்டு வெள்ளி இருபது சென். முதலாளியின் அப்பா கீழக்கரையிலிருந்து வந்தவராம். முதலாளி என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்து, “கவர்மெண்ட் ஆளா?” என்றார்.

“மந்திரி. காவலுக்கு வந்த ஆளுங்க பின்னாடி வர்றாங்க.”

“அப்ப அவங்களுக்கும் சேத்து நீங்களே டுயிட் கட்டிருங்க.”

சும்மா விடுவேனா? பக்கத்துச் சீனர் கடையோடு வாரத்துக்கு எத்தனை முறை பேசுவீர்கள் என்று பாரத்துக் கேள்வியையே கேட்டேன்.

“பேசறதா? பேசி எட்டு மாசமாச்சு. என் வாசல்ல லோரிய நிறுத்துறான்.”

“அப்ப உறவு மோசம்னு எழுதிக்கவா?”

“யாரு சொன்னா மோசம்னு? என் கடச் சாவி ஒன்னு அவன்கிட்ட இருக்கு, அவன் கடச் சாவி என்கிட்ட இருக்கு. நான் ஊருக்குப் போனா அவன்தான் தொறந்து தண்ணிக் குழாயெல்லாம் பாப்பான். பேசத்தான் மாட்டான்.”

எங்கள் பாரத்தில் இதற்குக் கட்டம் இல்லை. எங்கள் புளோக்கில் என் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன. தோசை ஆறிவிட்டது.

கூட்டம் 9.30க்கு. வட சிலாங்கூர்க் குழுக்கள் பன்னிரண்டு, வட்ட மேசைகள், ஒட்டும் மஞ்சள் காகிதங்கள். எனக்குப் பக்கத்தில் சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெரியவர், எல்லோரும் பாக்சிக் என்றார்கள். ஆராய்ச்சி அடுக்குமாடிகளைப் பற்றியது, அவரோ நேராக நெல் வயலிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். வயலுக்கு நடுவே புது வீடமைப்பு வந்துவிட்டதாம், அதனால் கூப்பிட்டிருக்கிறார்கள். திரையில் புளோக்குகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எங்களுடையது பச்சையில் எல்லாவற்றையும் தாண்டி நீண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மண்டபம் திறக்கப்போகும் மூன்று புளோக்குகளின் பட்டியல் மதியம் முடிவாகும் என்று வீடமைப்பு அதிகாரி சொன்னார். திரையில் காட்டிய உத்தேசப் பட்டியலில் நாங்கள் இல்லை.

தேநீர் இடைவேளையில் கவிதாவை ஓரமாக அழைத்தேன்.

“தங்கச்சி, அந்தப் பச்சக் கோட்டுல பாதி நான்தான்.”

“புரியலக்கா.”

“பதினாலு பேரு நானே.”

கையிலிருந்த பிஸ்கட்டை அவர் தட்டில் திரும்ப வைத்தார். “ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க?”

“யாரும் கதவு தொறக்கல தங்கச்சி. வெறுங் கையோட வர வெக்கமா இருந்துச்சு.”

“அக்கா, அதாங்க்கா டேட்டா! கதவு தொறக்கலன்னு எழுதியிருந்தா அதுதாங்க்கா எங்களுக்கு வேணும்! இப்ப உங்க புளோக்க மொத்தமா எடுத்துட்டா நீங்க எந்த லிஸ்ட்லயும் வர முடியாதே.”

“இப்ப மட்டும் எந்த லிஸ்ட்ல இருக்கேன்?”

நல்ல பெண். திட்டவில்லை. ஒலிவாங்கியை என் கையில் கொடுத்து, “நீங்களே சொல்லுங்க” என்றார். தெரிந்த மலாயில் சொன்னேன். இடது கைக் கதை வரைக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு ஒருவர்கூடச் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அப்போது பாக்சிக் மெல்லக் கையைத் தூக்கினார். தன்னுடைய பாரங்களைத் தொழுகை நடக்கும் சூராவில் விருந்துச் சாப்பாடு நடக்கும்போது கொடுத்தாராம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு யார் அக்கம்பக்கத்தைக் குறை சொல்வார்கள் என்றார். இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. அதிகாரி பேனாவை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார்.

கடைசியில் அவர் சொன்னது இது: பட்டியல் ஒரு மாதம் தள்ளிப் போகிறது. எங்கள் புளோக்கை எடைபோடக் கோடு வேண்டாம், ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தைத் திறந்து வைக்க வேண்டும், என்னைத் தவிர்த்துப் புளோக்கில் குடியிருப்பவர்கள் பத்துப் பேர் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டால் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பார்கள். கவிதா எனக்குப் பதினான்கு புதுப் பாரம் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் ‘கதவு திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தார்.

ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்தது. எல்லோரும் கூட வந்தவர்களோடு வேனில் ஏறினார்கள். நான் புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்குப் போனேன், மேலே ஏறப் பத்து நிமிடம்தான். குரங்குக்குப் போட ஒரு கட்டுப் பயற்றங்காய் மூன்று வெள்ளி. சாம்பல் நிறக் குரங்கு ஒன்று வந்து, காயை எடுப்பதற்கு முன் என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. காய் தீர்ந்ததும் போய்விட்டது. நானும் போயிருப்பேன். கீழே ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

வீடு சேர 4.10. பெஸ்தாரி ஜெயாவில் மழை, பஸ் நிற்கும் கொட்டகையில் இருபத்தைந்து நிமிடம் தனியாக.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆராங் தாண்டினால் சிக்னலை நம்ப வேண்டாம். லயத்தின் முன் ஒருவர் வழி சொன்னால் மூன்று முறையும் கேளுங்கள், உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் போகும். யாராவது உங்கள் கதவைத் தட்டிக் கையில் காகிதத்தோடு நின்றால் திறந்துவிடுங்கள். அவர் எதையும் விற்க வந்திருக்க மாட்டார். நான் அந்தப் பதினான்கு வீட்டையும் திரும்பத் தட்டினேன். ஐந்து திறந்தன. ஒன்பது கட்டத்தில் கோடு போட்டேன், வலது கையாலேயே.

மண்டபம் திறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிர்வாகத்திடம் சாவி வாங்கித் திறந்தேன். நாற்காலிகளில் உடையாததாகப் பன்னிரண்டு பொறுக்கி வட்டமாகப் போட்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 5.40 வரை யாரும் வரவில்லை. 5.41க்குக் காற்று வந்து கதவைச் சாத்தியது. உள்பக்கம் கைப்பிடி இல்லை, சாவி வெளியே பூட்டில் இருந்தது. நான் உள்ளிருந்து தட்டினேன். இரண்டாம் மாடி ரொஹானா அக்கா வந்து சாவியைத் திருப்பினார். பாதி சாவி அவர் கையில் வந்தது, மீதி பூட்டிலேயே நின்றது. சத்தம் கேட்டு மற்றவர்கள் இறங்கி வந்தார்கள், ஒருவர் திருப்புளியோடு, ஒருவர் வெண்ணெய்க் கத்தியோடு, நான்காம் மாடிச் சீன அங்கிள் நாற்காலியோடு. ஜன்னல் கண்ணாடிப் பலகைகளின் இடுக்கு வழியாகப் பதிவேட்டைக் கொடுத்தேன். ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள். பத்தாவது கையெழுத்து பூட்டு உடைக்க வந்தவருடையது. அவர் ரவாங்கில் இருக்கிறார், அதைக் கவிதாவிடம் சொல்லிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. இந்தக் கதவுக்குப் பொருந்தும் பூட்டு இப்போது விற்பனையில் இல்லையாம், ஆகவே மண்டபத்தைப் பூட்ட முடியவில்லை.