சுவர் இல்லாத இழை

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் ஹேமாவதி இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தாள். ஸ்லைடில் நம்பர் மட்டும்தான் எழுதுவாள். பெயர் ரிஜிஸ்தரோடு நின்றுவிடும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பாள்.

2021 ஜூன் முதல் வாரம் வந்த ஒரு ஸ்லைடுக்கு நம்பர் தேவைப்படவில்லை. அவள் வீட்டுக்காரர் மோகன்ராஜின் மூக்கிலிருந்து சுரண்டிய சதை அது. கொரோனாவிலிருந்து எழுந்து பன்னிரண்டு நாள். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. இடது கன்னம் மரத்துவிட்டது. காலையிலிருந்து இடது கண் அசையவில்லை. கறுப்புப் பூஞ்சையோ என்று சர்ஜனுக்குச் சந்தேகம்.

“நீங்க பாக்க வேணாம்க்கா,” என்றாள் கூட வேலை செய்யும் பிளஸ்ஸி. “மெர்வின் டாக்டர் மூணு மணிக்கு வந்து பாத்து கையெழுத்து போட்டுடுவாரு.”

“அதுவரைக்கும் அது சும்மா குந்திகினு இருக்குமா?”

பூஞ்சை இழை நுனியில் வளரும். ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்கும். அடைபட்ட இடம் கறுக்கும். மூக்கிலிருந்து கண், கண்ணிலிருந்து மூளை. வழி நீளமில்லை.

காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, சதை கரையக் காத்திருந்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகைத் திருப்பினாள்.

இழை தெரிந்தது. பஞ்சு நூல் என்று தள்ளினாள். பழைய புடவைத் துணியால் ஸ்லைடு துடைக்கும் லேப்; பஞ்சைப் பூஞ்சை என்று எழுதிய புதுப் பெண்களை அவளே திட்டியிருக்கிறாள். இப்போது பூஞ்சையைப் பஞ்சாக்கப் பார்த்தாள். இன்னொரு ஸ்லைடு போட்டாள். அதிலும் இருந்தது. பஞ்சு கிளை விடாது. இது விட்டிருந்தது.

அப்புறம் சுவர் தேடினாள். வேறு சில பூஞ்சைகளின் இழையில் செல்லுக்குச் செல் குறுக்குச் சுவர் இருக்கும், மூங்கில் கணுபோல. அதுவென்றால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். இழையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை ஸ்லைடு முழுக்க நகர்த்தினாள். அகன்ற இழை, செங்கோணத்தில் கிளை, கடைசிவரை சுவரே இல்லாத ஒரே குழாய்.

மூன்று மணிக்குக் காத்திருக்கவில்லை. ரிப்போர்ட்டில் தானே கையெழுத்திட்டு, சர்ஜனுக்குப் போன் செய்தாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

பெஞ்சில் மோகன்ராஜ் கன்னத்தில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். “இன்னாமே, உன் பூதக்கண்ணாடில நான் அழகா கீறனா?”

“கண்ண எடுக்கணும்யா. இன்னிக்கே.”

அவர் அவள் கையைப் பிடித்தார். ஈரமாக இருந்தது, யாருடைய வேர்வை என்று தெரியவில்லை.

“இன்னொண்ணு கீது இல்ல?”

“கீது.”

அந்த இன்னொன்றால் அவர் ஆறு நாள் பார்த்தார். ஏழாம் நாள் அதையும் அவளே மூடினாள்.