சுண்டல் மடித்த தாள்

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசம். வங்காளத்து டாலிகஞ்சில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே ஒரு சின்ன அச்சுக்கூடம். எங்கள் வீட்டு ரசத்தில்கூட அந்த வாசம் இருக்கும். பழகிவிட்டது.

அச்சுக்கூடம் கார்த்திக்தாவுடையது. அங்கே அண்ணனை "தா" என்போம். கல்யாணப் பத்திரிகை அடிப்பார். இடையில் நாலு பக்கப் பேப்பர் ஒன்றும் அடிப்பார். ஆலை பூட்டியது, அரிசி கிடைக்காதது, போலீஸ் கூட்டிப்போன பையன்கள் வீடு திரும்பாதது என்று பெரிய பேப்பரில் வராததெல்லாம் அதில் வரும். சந்து முனைச் சுவரில் ஒட்டுவார். ஒருத்தர் உரக்கப் படிக்க, சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு, ஊர்வலத்துக்குப் போனவர்களும் உண்டு.

"நாட்டோட முதல் பேப்பர் இந்த ஊர்லதான் வந்துச்சு மாசிமா. அடிச்சவனும் வெள்ளைக்காரன், அவனைப் பிடிச்சு உள்ள போட்டவனும் வெள்ளைக்காரன்" என்பார் அம்மாவிடம், வங்காளத்தில். சித்தியை அங்கே "மாசிமா" என்பார்கள்.

"உனக்கும் அங்க ஒரு இடம் வச்சிருப்பான். சாப்பிட்டுப் போ" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை. "சர்க்கார் சோறு. அந்தப் பேப்பர் நம்ம படியேறக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒரு "புஜோ" சமயம். எங்களுக்கு நவராத்திரி. மத்தியானம் கார்த்திக்தா பேப்பர் கட்டுகளோடு மேலே ஓடிவந்தார். "தேடி வர்றாங்க மாசிமா. இது கிடைச்சா ஜெயில்தான்" என்றார். அப்பா யார்டில் இருந்தார். அம்மா கட்டுகளைக் கொலுவுக்கு முன்னால் வரிசையாகப் போட்டு, படியில் விரித்திருந்த வேட்டியை இழுத்து மூடி, செட்டியார் பொம்மையை மேலே உட்கார வைத்தாள். கொலுவில் ஒரு படி கூடியது. ஒரு கட்டு அவிழ்ந்து சிதறிய தாள்களை அள்ளி அடுக்களையில் பழைய பேப்பர்களுக்கு நடுவே செருகினாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார், கூட இரண்டு போலீஸ்காரர்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். படுக்கையை உதறினார்கள். கொலுவைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றினார், துர்க்கை பொம்மையைக் கும்பிட்டார்.

கொலுவுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "சுண்டலைக் குடுடி" என்றாள் அம்மா. பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் பிரித்ததும் விரலில் மை ஒட்டியது. அப்போதுதான் பார்த்தேன், அது கார்த்திக்தாவின் பேப்பர்.

அம்மாவுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. அவளுக்கு எல்லாம் ஒரே பேப்பர்தான். நான் வங்காளப் பள்ளியில் நாலாவது வரை போனவள்.

அவர் நின்றபடியே தின்றார். தின்றபடியே படித்தார். திருப்பி, பின்பக்கமும் படித்தார். அப்பாவின் வேலை போச்சு, கார்த்திக்தாவும் போனார் என்று நின்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

"சுண்டல் நல்லா இருக்கு மாசிமா. நாளைக்கு வர்றவங்களுக்கு இலையில குடுங்க."

போய்விட்டார்கள்.

"ஏண்டி, இலையில குடுக்கச் சொல்றானே, அவ்வளவு ஆசாரமா?" என்றாள் அம்மா. அது எந்தப் பேப்பர் என்று சொன்னேன். மிச்சப் பொட்டலங்களைப் பிரித்துச் சுண்டலைப் பாத்திரத்தில் கொட்டினாள். கொட்டிக்கொண்டே, "அவன் வீட்லயும் ஒரு பையன் திரும்பி வரலையோ என்னவோ" என்றாள்.

அப்பா வந்ததும் படிகளைத்தான் பார்த்தார். "இரட்டைப்படையில கொலு வைப்பாங்களா?"

"பொம்மை கூடிப்போச்சு. அம்பாள் கோவிச்சுக்க மாட்டா."

இப்போது அச்சுக்கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடை. சந்து முனைச் சுவரில் டியூஷன் விளம்பரம். கொலு மட்டும் வைக்கிறேன். பேத்தி பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுண்டல் கொடுக்கிறாள். அதில் எழுத்து ஒன்றும் இல்லை. தின்றுவிட்டுப் போடுகிறார்கள். யாரும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதில்லை.