மாப்பிள்ளைக்கு வேர்த்த கதை

நேற்று மத்தியானம் என் லேப்டாப் தும்மியது. சிரிக்காதீர்கள், அதைத் தும்மல் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாகவே அதற்கு உடம்பு சரியில்லை. திறந்தால் கண் விழிப்பதற்குள் நான் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடுகிறேன். உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது. பாதி சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்து போகிறது. இதெல்லாம் போதாதென்று நேற்று ஒரு வாசனை வேறு. நைலான் புடவை மேல் இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டால் வருமே, அந்தச் சூட்டு வாசனை. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் என்னவோ மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் ஓ.டி.யில், ஆரோக்கியசாமி சாரின் டி.டி.பி. சென்டரில் தினம் தினம் நான் முகர்ந்த வாசனை அது.

டி.டி.பி. என்றால் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் கம்ப்யூட்டரில் தட்டி, அழகாக அமைத்து, மெல்லிய பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். அதை வாங்கிக்கொண்டு போய் ஆஃப்செட் பிரஸ்ஸில் அச்சடித்துக்கொள்வார்கள். சென்டர் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சார் வீட்டு முன்னறைதான் சென்டர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆன கையோடு, ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து அங்கே நட்டுவிட்டார். கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து அதைத் தட்டும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் நெல்லைத்தான் தட்டியிருந்தார்கள்.

அந்த இயந்திரத்துக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அப்பப்பா. அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். வாடிக்கையாளரும் அப்படித்தான். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ தவறிவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அதற்குத்தான். நானும் சாரும் நாலாக மடித்த பழைய தினத்தந்தியால் விசிறிக்கொள்வோம். எதிர் டீக்கடைக் குமாரு முதல் நாளே பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இன்னா அண்ணாத்தே, ஃபேன் கீது, பாய் கீது, வர்றவன்லாம் செருப்ப கழட்டுறான். இது இன்னா கம்ப்யூட்டரா, ஊட்டோட மாப்ளயா?"

அன்றோடு அதற்குப் பெயர் மாப்பிள்ளை என்று ஆகிவிட்டது. "மாப்பிள்ளை எழுந்தாச்சாம்மா?" என்பார் சார் காலையில். "இன்னும் சோம்பல் முறிக்கிறார் சார்" என்பேன் நான்.

மாப்பிள்ளைக்குச் சட்டையும் உண்டு. சாரின் மனைவி ரீட்டா ஆன்ட்டி தையல் மெஷினில் உட்கார்ந்தால் வீட்டில் எதையும் அம்மணமாக விட மாட்டார். டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, கிரைண்டருக்குப் பாவாடை மாதிரி ஒன்று. கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒயின் கலர் வெல்வெட். மானிட்டரையும் அதன் அடியில் படுத்திருக்கும் பெட்டியையும் சேர்த்து மேசை வரை மூடுகிற ஒரே அங்கி. விளிம்பெல்லாம் வெள்ளை லேஸ், பக்கத்துக்கு ஒரு எம்பிராய்டரிக் கிளி. முன்பக்கத் துணியை மட்டும் மேலே மடித்து ஊக்கு குத்திவிட்டால் முகம் தெரியும், நான் வேலையைத் தொடங்கலாம். முக்காடு போட்டுக்கொண்டு அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை. விலை உயர்ந்த சாமானைத் திறந்து போட்டு வைக்கிறவர்கள்தான் பொறுப்பில்லாதவர்கள்.

இப்படிச் சீராட்டியும் மாப்பிள்ளை முரண்டு பிடிக்க ஆரம்பித்தார். முதலில் தேதி மறந்தது. தினமும் காலையில் எழுந்ததும் 1980 சனவரி ஒன்று என்று காட்டும். அதற்குள் இருக்கும் ஒரு சின்ன பேட்டரி செத்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போதோ எனக்கு அது ஒரு குஷி. 1980 என்றால் நான் பாவாடை சட்டையில் எங்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஆவடிப் பக்கம் போகிற ரயிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்த வருஷம். ஒவ்வொரு நாளும் தேதியைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அங்கே போய்விட்டு வருவேன். சம்பளத்தோடு இப்படி ஒரு வசதி எந்த வேலையில் கிடைக்கும்?

அப்புறம் உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். எனக்கு அது பல்லி சொல்வது மாதிரியே கேட்டது. காலண்டரின் பின் அட்டையைத் திருப்பி, கிழக்கே சொன்னால் என்ன பலன், தெற்கே சொன்னால் என்ன பலன் என்று பார்த்துவைத்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததோ தென்கிழக்கு மூலை. நியாயமாகப் பார்த்தால் அதன் சொல்லுக்கு நல்ல பலன்தான் வர வேண்டும். ஆனால் சத்தம் வந்த கொஞ்ச நேரத்தில் திரை பச்சையாகி, நடுங்கி, உறைந்துபோகும். தட்டியதெல்லாம் போயே போச்சு. ரீட்டா ஆன்ட்டி அடுப்படியிலிருந்தே, "அந்தோனியாரே, பிள்ளை தட்டினதக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று குரல் கொடுப்பார். காணாமல் போன சாவி, கம்மல் எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்த புனிதர் அவர். ஃபைல் மட்டும் அவருக்குப் புது வகை போலிருக்கிறது.

சாதாரண நாளாக இருந்தால் நாங்கள் இதையெல்லாம் சிரித்தே ஓட்டியிருப்போம். ஆனால் அது மே மாதம், சார் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் ஓலை வாசித்து, கல்யாணத்தை ஊரறிய அறிவித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பாரிவாக்கம். நான் சொல்வது நிஜ மாப்பிள்ளையை. கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும், வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். பூசையில் பாடும் பாட்டு, வாசகம், மன்றாட்டு எல்லாம் அதில் இருக்கும், அட்டையில் பெண் மாப்பிள்ளை பெயர் இருக்கும். பாரிஸ் கார்னரில் ஒரு பெரிய பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஆரோக்கியசாமி சார் நிச்சயதார்த்தப் பந்தலில், எல்லார் முன்னாலும், "வேணாம் சம்பந்தி, எம் பொண்ணு புத்தகம் எங்க ஊட்டு கம்ப்யூட்டர்லதான்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன நாளிலிருந்து மாப்பிள்ளை படுத்திய பாடு கொஞ்சமல்ல. வருகைப் பாடலைத் தட்டி முடித்தால் காணிக்கைப் பாடலில் மயக்கம் போடும். சர்வீஸுக்குக் கொடுத்தால் கல்யாணம் முடிந்துதான் திரும்பி வரும். "பாரிஸ்லயே குடுத்துடலாமே சார்" என்று ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சார் கொஞ்ச நேரம் அந்த வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நகை கடையில வாங்கினது. புடவை கடையில வாங்கினது. சாப்பாடு காண்ட்ராக்ட். நானா பாப்பாவுக்குச் செய்யறது இது ஒண்ணுதாம்மா."

பாப்பா என்பது ஸ்டெல்லா. என் வயசுக்காரி, ஆவடியில் டீச்சர் வேலை, என்னைவிட அரை அடி உயரம். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அதற்கப்புறம் பாரிஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை. மனசு கேட்கவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் தொடங்கினோம். ரீட்டா ஆன்ட்டி செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். நான் கள்ளிக்குப்பம் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போட்டுவிட்டு, வெல்வெட்டுக்குக் கீழே கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் பெட்டியின் முதுகில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். குமாரு உள்ளே வந்து, "தள்ளு தங்கச்சி" என்று அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "என் டி.வி. இப்டித்தான் வயிக்கு வந்துச்சு" என்றான்.

அடுத்த நாள் நடந்ததுதான் ஆச்சரியம். மாப்பிள்ளை குதிரை மாதிரி ஓடியது. பல்லிச் சத்தம் இல்லை, பச்சை இல்லை, நடுக்கம் இல்லை. சாயங்காலத்துக்குள் கடைசிப் பாட்டு வரை தட்டி, ஃபிளாப்பியில் ஏற்றிவிட்டேன். சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினார். அந்தோனியார் புண்ணியம் என்றார் ஆன்ட்டி. பிள்ளையார் என்றேன் நான். "என் கை ராசிய மறந்துட்டு பேசிகினு கீறீங்களே" என்று குமாரு ரொம்ப வருத்தப்பட்டான். எங்கள் எல்லாருக்கும் அன்று குமாரு கடையிலிருந்தே டீ வந்தது. கல்யாணத்துக்காக ஆன்ட்டி வீட்டிலிருந்த திரை, உறை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டிருந்தார். வெல்வெட் அங்கி கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அது படவே இல்லை.

மறுநாள் பாரிவாக்கத்துப் பெரியப்பா குடும்பத்தோடு ப்ரூஃப் பார்க்க வந்தார். சம்பந்தி வருகிறார் என்று ஆன்ட்டி வெல்வெட்டுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மாப்பிள்ளைக்கு விறைப்பாக மாட்டிவிட்டிருந்தார். கத்திரி வெயில். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்றார். அட்டையைக் காட்டினேன். பெயர்களைப் பார்த்துத் தலையாட்டினார். வருகைப் பாடலைக் காட்டினேன். காணிக்கைப் பாடலுக்குப் போவதற்குள் டிக் டிக். திரை பச்சையாகி, நடுங்கி, அப்படியே இருட்டிவிட்டது. இஸ்திரிப் பெட்டி வாசனை அறை முழுக்க. சார் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பெரியப்பா மட்டும், "பாரிஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு" என்று தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா காபித் தட்டோடு வந்தாள். சம்பந்தி முன்னால் நிற்க வேண்டுமே என்று அவளுக்கும் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தாள். தட்டை என் கையில் திணித்தாள். நேராகப் போய் வெல்வெட் அங்கியை இரண்டு கையாலும் பிடித்து, தலை வழியாக உருவிவிட்டாள்.

"அப்பா, இந்த வெயில்ல இத்தனையும் சுத்திக்கிட்டு நானே மயக்கம் போட்டுருவேன்போல இருக்கு. பாவம், இது என்ன பண்ணும்? பின்னாடி தொட்டுப் பாருங்க, தோசை சுடலாம்."

தொட்டுப் பார்த்தோம், சுட்டது. பின்பக்கம் காற்றை வெளியே தள்ளுகிற குட்டி விசிறியின் வாயை வெல்வெட் பொத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாங்கள் டேபிள் ஃபேனை வைத்து இத்தனை நாள் கிளிகளுக்குக் காற்று வீசியிருக்கிறோம். அம்மணமாக நின்ற பெட்டியின் முதுகில் என் சந்தனப் பொட்டு வேறு பளிச்சென்று. ரீட்டா ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

காபி குடித்து முடிக்கும் வரை அதை ஆறவிட்டு, அந்தோனியாரை ஒருமுறை, பிள்ளையாரை ஒருமுறை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். 1980 சனவரி ஒன்று. இத்தனை சந்தோஷமாக அந்தத் தேதியை நான் பார்த்ததே இல்லை. காணிக்கைப் பாடல் வந்தது, நன்றிப் பாடல் வந்தது, பட்டர் பேப்பர் வரிசையாக வெளியே வந்தது. சார் ஒவ்வொரு தாளையும் கைக்குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கையால் வாங்கினார். பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "சம்பந்தி, அப்ப எங்க பையனுக்கும் கோட்டு வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

சொன்னாரோ இல்லையோ, பையன் கோட்டு போட்டுக்கொண்டுதான் வந்தான். பிரசங்கம் நடக்கும்போது அவன் கழுத்துப் பட்டையைத் தளர்த்தித் தளர்த்தித் தவித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன் வரிசையில் பெரியப்பா தோள் குலுங்கியது. ரீட்டா ஆன்ட்டி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோயில் வாசலுக்கு வந்ததும் ஸ்டெல்லாவே அவன் கோட்டைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டாள். சார் அந்தச் சிரிப்பு எதிலும் இல்லை. அவர் பாட்டுக்குப் புத்தகத்தைப் பிரித்து, தெரிந்த பாட்டையும் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். வழக்கம்போல, "மாப்பிள்ளையை எழுப்பட்டுமா சார்?" என்றேன். சார் கொஞ்சம் சங்கடமாக நெளிந்தார். "இனிமே அப்படிச் சொல்லக் கூடாதும்மா. நெஜ மாப்பிள்ளை வந்துபோற வீடு" என்றார். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பாப்பாவை எழுப்பு" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர். ராத்திரி அணைத்து, நன்றாக ஆறின பிறகு, ஆன்ட்டி வந்து வெல்வெட்டைப் போர்த்துவார். காலையில் சார் வந்து எடுப்பார். அந்த அறையில் அழக் கூடாது என்று எனக்குத் தோன்றும், உடனே தேதியைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் நாலு மாடி. கீழே குழந்தைகளுக்கு உடுப்பு விற்கிறார்கள். குமாரு கடை இல்லை. பட்டர் பேப்பர் என்றால் என் பிள்ளைகள் கேக்குக்கு அடியில் போடுவதா என்று கேட்கிறார்கள். சார் முதலில் போனார், பின்னாலேயே ஆன்ட்டி. ஸ்டெல்லா வானகரத்தில் ஃப்ளாட்டில் இருக்கிறாள்.

நேற்று லேப்டாப் தும்மியதும் அவளைத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாக நோயைச் சொன்னேன். முழுக்கக் கேட்கவே இல்லை அவள்.

"எங்கடி வெச்சிருக்க அத?"

குனிந்து பார்த்தேன். கட்டில் மேல், மெத்தை மேல், நல்ல கனமான போர்வை மேல் வைத்திருக்கிறேன். இத்தனை பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். எடுத்து மேசை மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது.

"பேரு என்ன வெச்சிருக்க?" என்றாள்.

"லேப்டாப்புக்கா? பேரெல்லாம் இல்லடி."

"பாப்பான்னு வெச்சுக்கோ" என்றாள். "அந்தப் பேரு இப்ப சும்மாதான் கிடக்கு."