நாலாவது ஆள்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் மொழியியல் எம்.ஏ. சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க நான் படிக்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவளைப் போலத் துறை வராந்தாவில் அலைந்துகொண்டிருந்தேன்.

விருப்பப் பாடம் எதுவானாலும் நாலு பேராவது சேர்ந்தால்தான் நடக்கும் என்பது எங்கள் துறையின் விதி. எனக்கு வேண்டியிருந்தது கள மொழியியல். நமக்குத் தெரியாத ஒரு மொழியைப் பேசுகிறவரை எதிரே உட்காரவைத்து, கேட்டுக் கேட்டே அதன் இலக்கணத்தை எழுதுகிற பாடம். அதற்காகத்தான் லிங்கராஜபுரத்து வீட்டில் சண்டை போட்டு, பி.எட். வேண்டாம் என்று இங்கே வந்திருந்தேன். ஆனால் மற்றவர்கள் கணினி மொழியியல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்த காலம். என் பக்கம் என்னையும் சேர்த்து மூன்றே பேர்.

நாலாவதாக நான் பிடித்தது, ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒருத்தியை. சேர்ந்த நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பங்குபோட்டவள். கணினிப் பாடத்துக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தாள். அவள் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. தங்கைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் போகிற ஓசூர் சாலையில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில் வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

"நீ ஒருத்தி வந்தா போதும்டி. இல்லன்னா கிளாஸே எடுக்க மாட்டாங்க."

"அய்யோ, எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே."

"நான் சொல்லித் தர்றேன். கம்ப்யூட்டர வெளியில எங்க வேணா கத்துக்கலாம்."

வெளியில் போய்க் கற்றுக்கொள்ள அவளுக்கு வழியில்லை என்று தெரிந்தும் என் வாய் அதைச் சொன்னது. அவள் சிரித்தாள்.

"சரி, பிடு," என்றாள். கன்னடத்துச் சொல். ‘விட்டுத்தள்ளு’ என்பதற்கு எப்போதும் அதைத்தான் சொல்வாள்.

வகுப்பு தொடங்கியது. குடகிலிருந்து வந்த ஓர் அம்மா எங்கள் எதிரே உட்கார்ந்து தன் மொழியில் பேசினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளோ தவித்தாள். எனக்குக் கேட்ட ஒலி வேறுபாடுகள் அவள் காதில் விழவே இல்லை. சொல்லித் தருகிறேன் என்ற நானோ என் நோட்டில் மூழ்கிக் கிடந்தேன்.

பாடம் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஒரு சீட்டு இருக்குதாம். நான் மாறிக்கட்டுமா? உன் கிளாஸ் நின்னுபோயிடுமா?"

‘போடி, பரவாயில்லை’ என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பாள். நானோ டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. அந்த அழுகை நடிப்பில்லை. ஆனால் அவள் பார்க்கட்டும் என்று நான் முகத்தைத் திருப்பாமல் இருந்ததும் நிஜம்.

"ஏய், அழாதடி. சும்மாதான் கேட்டேன். பிடு."

எங்கள் வகுப்பு நடந்தது. நான் ஆராய்ச்சிக்குப் போனேன். கணினிப் பாடம் எடுத்தவர்களில் பலரை அந்த ஓசூர் சாலைக் கம்பெனிகளே வாரிக்கொண்டன. அவள் வேலை தேடி அலைந்த சமயத்தில் பெரிய தங்கை படிப்பை நிறுத்திவிட்டுக் கார்மென்ட்ஸுக்குப் போனாள். பிறகுதான் இவளுக்கு ஆனேக்கல்லிலேயே ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது.

மாதா கோயிலில் பாவமன்னிப்பு மன்றாட்டுக்கு நெஞ்சில் தட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த டீ டம்ளர்தான் ஞாபகம் வருகிறது. அந்தத் தங்கையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் மனசு அரிக்கிறது.

இப்போதும் நாங்கள் சந்தித்துக்கொள்கிறோம். எங்கே பார்த்தாலும் பேச்சுக்கு நடுவே அவள் இதைச் சொல்லிவிடுவாள்:

"நல்லவேளை, அன்னிக்கி உன் பேச்சக் கேட்டேன். இல்லன்னா நாளெல்லாம் அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து கண்ணு போயிருக்கும்."

அன்றைக்கு மாறாமல் போனதில் வருத்தமா என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. அவளாகத்தான் சொல்கிறாள், ஒவ்வொரு முறையும்.